கண்ணாடிக் கதவைத் தாண்டும் நீர்: நிறுத்த வேண்டிய இடம் எது?

குளிக்கும் இடத்து நீர் மற்ற இடத்துக்குப் பரவாமல் தடுப்பது எப்படி என்ற கேள்வி கண்ணாடிக் கதவைவிடப் பழையது. லண்டனில் வில்லியம் ஃபீதம் என்பவர் 1767இல் ஷவர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு துணித்திரை, பிளாஸ்டிக் திரை, அலுமினியச் சட்டமிட்ட கண்ணாடி, சட்டமே இல்லாத தடித்த கண்ணாடி என்று தடுப்புகள் மாறிவந்திருக்கின்றன. தடுப்பு மாறும்போதெல்லாம் நீர் தப்பும் இடமும் மாறியது. திரையில் அது கீழ்விளிம்பு. சட்டமிட்ட கதவில் கீழ்த் தண்டவாளம். சட்டமில்லாக் கதவில் கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே விட்ட இடைவெளி.

சென்னை, கோவை அடுக்ககங்களில் புதிதாகக் கட்டப்படும் குளியலறைகள் பலவற்றில் இந்தக் கடைசி வகையைப் பார்க்கலாம். கதவுக்கு வெளியே தரை நனைகிறது என்ற புகாரும் கூடவே வருகிறது. புகாருக்குக் கிடைக்கும் பதில் ஆளைப் பொறுத்தது. கண்ணாடி மாட்டியவர் தரையில் வாட்டம் சரியில்லை என்பார். டைல்ஸ் மேஸ்திரி ரப்பர் பட்டி சரியில்லை என்பார். பிளம்பர் ஷவரை இடம் மாற்றச் சொல்வார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் சம எடை உள்ளவை அல்ல. தரையைப் பற்றிய பதிலே கனமானது, அதுவே கடைசியாகக் கேட்கப்படுகிறது என்று இக்கட்டுரை கருதுகிறது.

நீர் போகும் வழிகள்

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் ஷவர் தலைக்கு நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது ஏறக்குறைய 9.5 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த அளவையே கணக்குக்கு எடுத்துக்கொண்டால் 10 நிமிடக் குளியலில் 95 லிட்டர் கொட்டுகிறது. அதில் நூறில் ஒரு பங்கு வெளியேறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒரு லிட்டர் நீர் 1 மில்லிமீட்டர் தடிப்பில் பரவினால் ஒரு சதுர மீட்டர் தரையை மூடிவிடும். எனவே 99 விழுக்காடு வெற்றிபெற்ற கதவும் வீட்டாரின் கண்ணுக்குத் தோற்ற கதவுதான். இந்தத் துறையில் எழும் சச்சரவுகளில் பாதிக்கு இந்தக் கணக்கே காரணம் எனலாம்.

வெளியேறும் நீர் ஒரே வழியில் வருவதில்லை. ஷவரிலிருந்து நேராகப் பீய்ச்சியோ உடலில் பட்டுத் தெறித்தோ இடைவெளிக்குள் நுழையும் நீர் ஒன்று. கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாக வழிந்து, கீழ்விளிம்பில் பரப்பு இழுவிசையால் ஒட்டியபடியே வளைந்து வெளிப்பக்கம் சொட்டும் நீர் மற்றொன்று. தரையில் தேங்கிக் கதவின் அடியில் நகர்வது மூன்றாவது. முதலாவதற்கு ஷவரின் திசையும், இரண்டாவதற்குக் கீழ்ப் பட்டியும், மூன்றாவதற்குத் தரையும் பொறுப்பு. எது நடக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் பழுது பார்ப்பதே பழுது நிற்காததற்கு முதல் காரணமாகத் தெரிகிறது.

பிரித்துப் பார்ப்பதும் கடினமன்று. எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திய பிறகு, ஷவரைத் திறக்காமல், தரையில் மட்டும் கதவோரமாக ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்க்கலாம். வெளியே வரவில்லை என்றால் கதவின் உட்புறத்தில் மேலிருந்து வழியவிட வேண்டும். அதிலும் வரவில்லை என்றால் மட்டுமே ஷவரைத் திறக்க வேண்டும். மூன்றிலும் கதவோரம் உலர்ந்திருக்க, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரிகிறது என்றால் கதவை விட்டுவிடலாம். குழாயோ தரைக்கடியில் உள்ள நீர்த்தடுப்போ பழுதாகியிருக்கும்.

  

விளிம்பை அடைக்கும் கட்சி

பரவலான விடை இதுதான்: இடைவெளியை அடை. இடைவெளியே இல்லாமல் செய்யலாமே என்றால் முடியாது. கதவுக்குப் பயன்படுவது கடினப்படுத்திய கண்ணாடி. கடினப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ இயலாது. விளிம்பு டைலிலோ உலோகத்திலோ மோதினால் முழுக் கண்ணாடியும் நொறுங்கக்கூடும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. 700 மில்லிமீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கதவு 35 கிலோ எடையோடு இரண்டு கீல்களில் தொங்குகிறது. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருப்பதும் அரிது. ஆகையால் பக்கங்களில் 3 முதல் 5 மில்லிமீட்டர், அடியில் 10 மில்லிமீட்டர் அளவில் இடம் விட்டே ஆக வேண்டும்.

அந்த இடத்தை நிரப்பவே பிவிசி, பாலிகார்பனேட் பட்டிகள் வந்தன. இரண்டு கண்ணாடிகள் சந்திக்கும் இடத்தில் காந்தப் பட்டி. குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருப்பதும் இதே வகைதான். உள்ளே அகப்பட்ட குழந்தை தள்ளித் திறக்க முடிய வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் இயற்றிய பிறகு அங்கே கொக்கிப் பூட்டுகளின் இடத்தைக் காந்தம் பிடித்தது. கதவின் அடியில் பொருத்தும் பட்டிக்கு இரண்டு உறுப்புகள்: தரையைத் தொடும் மென்மையான நாக்கு, வழியும் நீரை உள்பக்கம் திருப்பும் சாய்ந்த இறக்கை. இறக்கை வெளிப்பக்கம் பார்க்கும்படி மாற்றிச் செருகப்பட்டிருப்பது அடிக்கடி காணும் பிழை. அப்போது பட்டியே நீரை வெளியே கொண்டுவந்து விடும். தேவைக்கு 2, 3 மில்லிமீட்டர் நீளமாக வெட்டிய பட்டி நடுவில் வளைந்து மேலே எழும்பும். அதுவும் ஒரு வாசல்தான்.

இந்த விடையின் பலவீனம் காலம். பிவிசி மஞ்சளாகி இறுகுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இது இன்னும் விரைவாக நடக்கலாம். கடின நீரில் உள்ள கால்சிய உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி நாக்கின் அடியில் படிகின்றன; படிந்த இடத்தில் நாக்கு தரையைத் தொடுவதில்லை. தவிர, கீலுக்காகக் கண்ணாடியில் வெட்டிய இடத்தைப் பட்டியால் முழுதும் மூட முடியாது. ஷவர் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் எந்தப் பட்டியும் உதவாது. பிளம்பர் சொல்வதுதான் அங்கே சரி.

சட்டமில்லாக் கதவு விற்போர் பலர், தங்கள் கதவு நீரைக் குறைக்குமே தவிர முழுதாக அடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். இதைத் தப்பிக்கும் வழி என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பொருளின் இயல்பு அதுவே. வழியும் படலத்தைப் பட்டி நன்றாகவே கையாளுகிறது. தெறிப்பை ஓரளவு தடுக்கிறது. தேங்கிய நீருக்கு முன் அந்த மெல்லிய நாக்கு அணையாக நிற்காது.

உள்ளே பூசுவதா, வெளியே பூசுவதா

மூட்டுகளில் பூசும் சிலிக்கோன் விஷயத்தில் இரண்டு கட்சிகள் நேர் எதிராக நிற்கின்றன. பிரிட்டனில் ஷவர் அடைப்புகளைப் பொருத்துவோரிடையே பரவலான விதி, வெளிப்புறம் மட்டும் பூசு, உட்புறம் பூசாதே என்பது. அமெரிக்காவில் சட்டமிட்ட கதவு தயாரிப்போர் பலரும் கீழ்த் தண்டவாளத்துக்கு இதையே சொல்கிறார்கள். எதிர்க் கட்சி, நீர் வரும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மறுபக்கத்தை அடைப்பது என்ன நியாயம் என்று கேட்கிறது. கேள்வி இயல்பானது, வீட்டார் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கிறார்கள்.

முதல் கட்சியின் வாதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அலுமினியச் சட்டத்துக்குள் எப்படியும் கொஞ்சம் நீர் நுழையும். நுழைந்த நீர் திரும்பி உள்ளே வடிவதற்காகவே சட்டத்தின் உள்பக்கத்தில் சிறு துளைகள் விடப்பட்டிருக்கின்றன. உட்புறத்தைப் பூசி அடைத்தால் அந்த நீர் சிறைப்படுகிறது. அழுக்கும் பூஞ்சையும் சேர்கின்றன. பிறகு அது தனக்கொரு வழி தேடுகிறது, அது வழக்கமாக வெளிப்பக்கமாகவே இருக்கிறது. கசிவை நிறுத்தப் பூசிய சிலிக்கோனே கசிவுக்குக் காரணமாகும் விசித்திரம் இப்படி வருகிறது.

ஆனால் நம் அடுக்ககங்களில் மாட்டப்படும் அசையாக் கண்ணாடி பெரும்பாலும் வடிகால் துளை ஏதுமற்ற குறுகிய காடியில் நிற்கிறது. அதற்குள் நீர் போனால் திரும்பி வர வழியே இல்லை. அங்கே உட்புறத்தை அடைப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இரண்டு கட்சிகளும் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன; ஒன்றின் விதியை மற்றதன்மேல் ஏற்றும்போதுதான் தவறு நேர்கிறது. வடிகால் துளை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது போதும், சண்டை பாதி தீர்ந்துவிடும்.

எதைப் பூசுவது என்பதும் இங்கே முக்கியம். இறுகும்போது வினிகர் வாசனை எழுப்பும் சிலிக்கோன் அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. சலவைக்கல், கடப்பாக் கல் போன்ற சுண்ணாம்பு வகைக் கற்களை அமிலம் அரிக்கும். பித்தளை, செம்பு ஆகியவற்றுக்கும் அது ஆகாது. படிக்குக் கடப்பாக் கல் போட்ட வீடுகளில் அமிலம் வெளியிடாத நடுநிலை வகையே ஏற்றது. பழைய சிலிக்கோன்மேல் புதியது ஒட்டாது. முழுதும் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த பிறகே பூச வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி, நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கே இறுகும். மாலையில் பூசி மறுநாள் காலையில் குளிப்பது பல பழுதுகள் ஒரே மாதத்தில் திரும்பி வருவதற்கு ஒரு விளக்கம்.

தரையிலிருந்து தொடங்குவோர்

இந்தக் கட்சியின் வாதம் எளியது: நீர் கதவுக்கு வரும் முன்பே போய்விட வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிகள் ஷவர் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 2 விழுக்காடு வாட்டம் குறைந்தபட்சம் வேண்டும் என்கின்றன. 900 மில்லிமீட்டர் நீளத்துக்கு 18 மில்லிமீட்டர் இறக்கம். வடிகாலுக்கு மேல் குறைந்தது 2 அங்குல உயரத்தில் ஒரு திட்டும் கேட்கப்படுகிறது. திட்டின் தலை மட்டமாக இருக்கக் கூடாது, உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது நல்ல மேஸ்திரிகள் எங்கும் அறிந்த விஷயம். அதன்மேல் ஆணி, திருகாணி எதுவும் இறங்கக் கூடாது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. திட்டைப் போர்த்தியிருக்கும் நீர்த்தடுப்புப் படலம் அந்தத் துளையோடு முடிந்துவிடுகிறது. நீர் டைலுக்கு அடியிலுள்ள கலவையில் ஊறி, கதவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் தலைகாட்டும்.

தமிழ்நாட்டுக் குளியலறையின் வடிவியல் வேறு. இங்கே அறை முழுவதும் ஒரு மூலையிலுள்ள நஹானி ட்ராப் எனும் தரை வடிகாலை நோக்கி வாட்டமாகப் போடப்படுவது பழைய வழக்கம். கண்ணாடி அதற்குப் பிறகு வந்தது. ட்ராப் கண்ணாடிக்கு வெளியே அமைந்துவிட்ட அறைகளில் ஷவர் நீர் கதவின் அடியில் போய்த்தான் தீர வேண்டும். அங்கே கசிவு என்று புகார் சொல்லப்படுவது தரை போட்டவர் எண்ணியபடியே நடக்கும் வடிதல். கீழே பட்டி போட்டால் உள்ளே குளம் கட்டும்.

ட்ராப் உள்ளே இருந்தாலும் சிக்கல் தீராது. வாட்டம் கதவின் கோட்டுக்குக் குறுக்காகப் போனால் நல்லது. கோட்டோடு இணையாகப் போனால், 700 மில்லிமீட்டர் கதவின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையில் 2 விழுக்காட்டில் 14 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். கதவின் கீழ்விளிம்பு ரசமட்டத்துக்கு நேர். தரை அப்படி இல்லை. ஒரு முனையில் 8 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மறு முனையில் 22. அந்த வேறுபாட்டை மூடும் நாக்கு கடையில் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஒரு முனையில் உராய்ந்து மறு முனையில் தொங்கும். அதோடு, கதவு வெளிப்பக்கம் திறக்கும் பாதையில் தரை உயர்ந்துகொண்டே போனால் கதவு இடிக்கும். இடிக்காதிருக்கக் கதவைத் தூக்கி மாட்டுவார்கள். இடைவெளி இன்னும் பெரிதாகும். கண்ணாடி மாட்டியவர் வாட்டத்தைக் குறை சொல்வதற்கு இங்கேதான் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் டைல்ஸ் போட்ட அன்று அவர் அங்கே இல்லை, கதவு வரப்போவதையும் மேஸ்திரியிடம் யாரும் சொல்லவில்லை.

கட்டும்போதே என்றால் விடை தெளிவு: கதவின் கோட்டில் மட்டமான கிரானைட் படி ஒன்று, உள்தரையைவிட 15 முதல் 20 மில்லிமீட்டர் உயரத்தில், தலை உள்பக்கம் மெல்லச் சாய்ந்து. கட்டி முடித்த அறையில் அரைவட்ட அக்ரிலிக் பட்டியைக் கதவின் கோட்டில் சிலிக்கோன் வைத்து ஒட்டுவது கையடக்கமான மாற்று. தேங்கிய நீருக்கு அது சிறு அணை. வழியும் நீர் உள்ளேயே விழ உதவும். அடியிலுள்ள நீர்த்தடுப்பைத் தொடாமல் செய்யக்கூடிய வேலைகளில் இதற்கே பலன் அதிகம் என்று தோன்றுகிறது.

இந்தக் கட்சிக்கும் மறுப்பு உண்டு. திட்டு காலை இடறும்; சக்கர நாற்காலி ஏறாது. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டு அளவுகோல்கள், நாற்காலியோடு நுழையும் ஷவரின் படி அரை அங்குலத்துக்கு, அதாவது 13 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்கின்றன. ஒரு விதி 50 மில்லிமீட்டர் கேட்க, மற்றது 13இல் நிறுத்துகிறது. கதவின் கோட்டிலேயே நீண்ட வாய்க்கால் வடிகால் பதிப்பது இந்த இழுபறியிலிருந்து வெளியேறும் வழியாகப் பரவிவருகிறது. தலைமுடியும் சோப்புக் கசடும் அடைத்துக்கொள்ளும் நாளில் அதுவே வழிந்துவிடும் என்பது அதன் விலை.

இன்னொரு கசிவுக்குப் பாதுகாப்பு விதியே காரணம். அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதி, கீல் வைத்த ஷவர் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்கிறது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். குளித்து முடித்துக் கதவைத் திறந்ததும் அதிலிருந்து சொட்டும் நீர் வெளியே விழும். இதற்குப் பட்டியில் மருந்து இல்லை. இருபுறமும் திரும்பும் கீல் இருந்தால், வெளியே வந்தபின் கதவை உள்பக்கம் தள்ளிச் சொட்ட விடலாம்.

அறை முழுவதும் நனையட்டும்

கதவு ஒழுகினால் என்ன, அறை தாங்கட்டும் என்பது நான்காவது நிலை. ஜெர்மனியில் 2017இல் வெளிவந்த டிஐஎன் 18534 என்ற தரநிலை, வீட்டுக்குள்ளிருக்கும் பரப்புகளை நீர் படும் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நீர்த்தடுப்பைச் சொல்கிறது. ஷவரிலிருந்து நீர் தெறிக்கும் பக்கத்துத் தரையும் அதன் கணக்கில் வருகிறது. ஜப்பானில் தொட்டிக்கு வெளியே நின்று உடலைக் கழுவுவதே வழக்கம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக எழுந்த நியூ ஒட்டானி ஹோட்டலில் டோட்டோ நிறுவனத்தின் முன்தயாரிப்புக் குளியலறைகள் இறக்கப்பட்டன. அந்த வழியில் வீடுகளுக்கு வந்த குளியலறைகளில் தரையும் சுவரும் ஒரே அடைப்பாக இருக்கின்றன. அங்கே நனையும் பகுதியே ஓர் அறை.

நம் பழைய குளியலறையும் இதே தத்துவம்தான். கூடத்தைவிட ஒரு படி தாழ்ந்த தரை, முழுதும் கழுவிவிடக்கூடிய டைல்ஸ், மூலையில் ட்ராப். உலர்ந்த பகுதி ஒன்று வேண்டும் என்று கேட்கும்வரை அங்கே கசிவு என்ற பேச்சே எழாது. கழுவு தொட்டிக்குக் கீழே மரப்பலகை அலமாரியும் மிதியடியும் வந்தபிறகு அந்தக் கேட்பு வந்தது. இந்த நிலையின் ஆபத்து அடுக்ககத்தில் வெளிப்படுகிறது. தாழ்த்திய தளத்தில் செங்கல் ஜல்லி நிரப்பிய இடத்துக்குள் நீர் புகுந்தால் அங்கேயே தங்கிப் பல மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டில் சொட்டலாம். எல்லாவற்றையும் நீர்த்தடுப்பின்மேல் ஏற்றிவைக்கும் இந்த வழியில், அது பழுதானால் அடுத்த காவல் இல்லை.

விதிகள் எதைச் சோதிக்கின்றன

கண்ணாடிக் கதவைப் பற்றிய விதிகள் முதலில் உடைதலைப் பற்றியவை. அமெரிக்காவில் 1977இல் நடைமுறைக்கு வந்த 16 சிஎஃப்ஆர் 1201 விதி ஷவர் கதவுகளையும் உள்ளடக்கியது. அது கேட்பது மோதலைத் தாங்கும் திறன். இந்தியாவின் ஐஎஸ் 2553 கண்ணாடியின் பாதுகாப்பைப் பேசுகிறது. ஐரோப்பாவின் இஎன் 14428 மட்டும் ஷவர் அடைப்பு நீரை உள்ளே நிறுத்துகிறதா என்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்கிறது. தரைக்குத் தனிச் சோதனை இருக்கிறது: அமெரிக்க மாதிரி விதியில் ஷவர் தரையில் 2 அங்குல நீர் நிரப்பி 15 நிமிடம் பார்க்கிறார்கள். நம் ஊரில் வடிகாலை அடைத்து ஒரு நாளோ அதற்கு மேலோ நீர் நிறுத்திப் பார்ப்பது நல்ல கட்டுநர்களின் வழக்கம். ஆக, கண்ணாடி தனியாகத் தேறுகிறது, தரையும் தனியாகத் தேறுகிறது. இரண்டும் சேரும் கோட்டை, அந்த வீட்டில், அந்த ஷவரைத் திறந்துவைத்துச் சோதிக்க வேண்டியவர் யார் என்று பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

தீராமல் நிற்பவை

பட்டி, சிலிக்கோன், தரை ஆகியவற்றில் எது முதலில் என்பதைப் பற்றி இன்று ஓரளவு உறுதியாகப் பேசலாம். புதிய அறையில் வாட்டமும் படியும், பிறகு ஷவரின் திசை, அதன்பின் பட்டி. பழைய அறையில் வரிசை தலைகீழாகிறது. அங்கே மலிவானதைத்தான் முதலில் முயல முடியும். அதற்கு அப்பால் சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன.

முழுமையாக அடைப்பது நல்லதா என்பது ஒன்று. நீராவி வெளியேறாத அடைப்பில் பூஞ்சை வளர்கிறது. சென்னை போன்ற ஈரப்பதமான ஊரில் மேலே திறந்த கண்ணாடியும் ஒரு காற்றாடியும் தேவைப்படலாம். சில துளிகளை மன்னித்துப் பூஞ்சையைத் தவிர்ப்பது நியாயமான பேரம்தானா என்பது வீட்டைப் பொறுத்தே அமையும். முதியோர் உள்ள வீட்டில் படி வைப்பதா, வழுக்கும் ஈரத்தை ஏற்பதா என்பது இன்னும் கடினமானது. இரண்டுமே விழுவதற்கான காரணங்கள். வாய்க்கால் வடிகால் இதைத் தீர்க்கலாம். ஆனால் முடிந்துபோன தளத்தில் அதற்கான ஆழம் கிடைக்குமா என்பது தளத்தை உடைக்காமல் தெரியாது.

ஒப்பந்தத்தில் யார் பெயர் எழுதுவது என்பதும் அப்படியே நிற்கிறது. கதவு வரும் இடத்தை டைல்ஸ் போடும் முன்பே தரையில் கோடு போட்டுக் காட்டுவது, படியின் மட்டத்தைக் கண்ணாடி மாட்டுபவர் பார்த்து ஒப்புவது, கடைசித் தவணைக்கு முன் ஷவரைத் திறந்து 10 நிமிடம் ஓடவிடுவது ஆகிய மூன்றுக்கும் பெரிய செலவில்லை. மூன்று தொழில்களையும் ஒரே நாளில் ஒரே குளியலறையில் நிற்கவைப்பது யார் பொறுப்பு என்பதற்குக் கட்டுநர் ஒரு விடையும், உள்அலங்கார ஒப்பந்ததாரர் வேறொரு விடையும் சொல்கிறார்கள். வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் சாவி வாங்கிய பிறகே கண்ணாடிக்கு ஆள் தேடுகிறார்.